தெரேசக்காவும் பூட்டிவைத்த பணமும்

செய்தியைக் கொண்டுவந்தவர் என் சின்னம்மா. தருமபுரத்துத் தெருக்களில் மீன் விற்றுவிட்டுக் காலிக் கூடையோடு திருவேட்டக்குடிக்குத் திரும்பியவர், கூடையை இறக்காமலேயே, "ஏண்டி செல்வி, ஒங்கூடத் தைக்கிற அந்த சைகோன் அக்கா காமாலையில கெடந்துச்சுல்ல, விடியக்காலம் எறந்துபோச்சாம்" என்றார். அவர் இன்னும் ஏதோ சொல்லிக்கொண்டிருக்கும்போதே நான் பஸ் நிறுத்தத்துக்கு நடந்துவிட்டேன். பஸ்ஸில் ஏறிய பிறகுதான் கையில் காசு எடுத்துவரவில்லை என்பது தெரிந்தது. கண்டக்டர் என் முகத்தைப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் முன்னால் போய்விட்டார்.

முப்பதாம் நாள் பூசை முடிந்து மாதா கோயில் வாசலில் எல்லோரும் நின்றபோது, தையல் கடையிலிருந்து யாராவது இரண்டு வார்த்தை சொல்லுங்கள் என்றார்கள். கடையில் அவரோடு இருந்தவள் நான் ஒருத்திதான். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் தரையைப் பார்த்தேன். சைகோன் குடும்பங்களுக்குப் பெரியவரான அந்துவான் முசே அருகில் வந்து, "பேச வரலேன்னா எழுதிக் குடும்மா. சைகோன்காரங்க மலர்ல போடுவோம்" என்றார். அதனால் எழுதுகிறேன். எட்டாவதோடு நின்றவள். பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள்.

இந்த மலரைப் படிக்கிற உங்களில் பலருக்கு அவரை என்னைவிட அதிக காலமாகத் தெரியும். இங்கிருந்து சைகோனுக்குப் பிழைக்கப் போன சூசை ஐயாவின் மகள். அம்மா வியட்நாம்காரர். எழுபத்தைந்தில் போர் முடிந்து சைகோன் கைமாறிய மறு வருஷம் அப்பாவும் மகளும் மட்டும் விமானத்தில் வந்தார்கள். அம்மா வரவில்லை. வீட்டில் மகளை லான் என்று கூப்பிடுவார்கள் என்பதும் உங்களுக்குத் தெரியும். எனக்குத் தெரிந்ததெல்லாம், காரைக்கால் கடைத்தெருவை ஒட்டிய சந்தில் ராசு மாஸ்டர் தையல் கடையில் எனக்குப் பக்கத்து மிஷினில் உட்கார்ந்திருந்த தெரேசக்கா.

நான் கடையில் சேர்ந்தபோது கொக்கி தைப்பதும் காஜா எடுப்பதும்தான் வேலை. யாராவது என்னைக் கேள்வி கேட்டால் தெரேசக்கா பதில் சொல்வார். "அதுக்கு நாளைக்கிதான் ஆகும்னு சொல்லுது" என்பார், நான் வாயே திறக்காதபோது. அவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி வேலையைப் பற்றியது அல்ல. "திருவேட்டக்குடியா? நெத்திலி நெறைய கெடைக்குமா ஒங்க ஊருல?" என்று கேட்டார். மறுநாள் ஒரு பை கொண்டுபோய்க் கொடுத்தேன். வியட்நாம் மீன் சாற்றுக்காக அதை உப்புப் போட்டு ஜாடியில் அடைத்து வீட்டின் பின்பக்கம் வெயிலில் வைத்துவிட்டார். சில வாரங்களில் அக்கம்பக்கத்தில் யாராலும் நிற்க முடியவில்லை. வீட்டுக்காரர் எங்கோ எலி செத்துக் கிடக்கிறதென்று பரண், சாக்கடை எல்லாம் தேடினார். அவர் தேடி ஓய்ந்ததும், தெரேசக்கா ஒரு தட்டில் சோறு போட்டு அந்தச் சாற்றில் ஒரு கரண்டி ஊற்றிக் கொடுத்தாராம். அவர் முழுதும் தின்றுவிட்டு, "ருசியாத்தாம்மா இருக்கு. எலி இல்லேன்னு மட்டும் சத்தியம் பண்ணிடு" என்றாராம்.

கடையில் ஒரு டிரான்சிஸ்டர் இருந்தது. பாட்டு வந்தால் மாஸ்டர் சத்தத்தைக் கூட்டுவார், செய்தி வந்தால் குறைப்பார். தெரேசக்கா எழுந்துபோய்ச் செய்திக்கு மறுபடி கூட்டுவார். ஒரு நாள், பழைய சைகோன் அரசாங்கத்தின் பணத்தை அமெரிக்காவில் முடக்கிவைத்திருப்பதாகவும், புது அரசாங்கம் அதைக் கேட்பதாகவும் சொன்னார்கள். எனக்கு அது விளங்கவேயில்லை. கேட்காமல் இருக்கவும் முடியவில்லை.

"ஒரு நாட்டுப் பணத்தை எப்படிக்கா பூட்டுவாங்க?" என்று கேட்டுவிட்டேன்.

மாஸ்டர் கத்திரியை நிறுத்தினார். "ஏ, இந்தப் பொண்ணுக்கு வாய் இருக்குய்யா!"

தெரேசக்கா சிரிக்கவில்லை. "பேங்க்குல போட்டவங்க பழைய ஆளுங்க. அவங்க ஓடிட்டாங்க. இப்ப புது ஆளுங்க வந்து, நாங்கதான் அந்த நாடு, எடுங்கன்னு கேக்குறாங்க. அமெரிக்காக்காரங்க குடுக்க மாட்டேங்குறாங்க."

"ஓடுனவங்களுக்குக் குடுப்பாங்களா?"

"அவங்க இப்ப நாடு இல்லையே, செல்வி."

"அப்ப யாருக்குத்தான் குடுப்பாங்க?"

"பூட்டுனவனே வச்சுக்குவான். வேற யாருக்குக் குடுப்பான்?" என்று மாஸ்டர் முடித்துவைக்கப் பார்த்தார்.

தெரேசக்கா ஊசியில் நூல் கோப்பதை விட்டுவிட்டு யோசித்தார். "சைகோன்ல எங்க பாஸ்புக்கைப் புது ஆளுங்க பூட்டுனாங்க. புது ஆளுங்க கேக்குற பணத்தை அமெரிக்காக்காரங்க பூட்டுனாங்க. பூட்டெல்லாம் தெரியுது. பொருளு யாருதுங்குறதுதான் தெரியல." அன்று முழுதும் மிஷின் ஓட்டும்போது அவர் நடுநடுவே நிறுத்துவார், அதைப் பற்றித்தான் நினைக்கிறார் என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் நானும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த வருஷம் தீபாவளி நெருங்கும்போது எங்கள் கடையே கைமாறியது. மிஷின்களை வாங்கிப்போட்டவர் மாஸ்டரின் மச்சான் கண்ணையன். கடையும் அவர் பெயரில்தான் இருந்தது. இருவருக்கும் என்ன சண்டை என்று எனக்குச் சரியாகத் தெரியாது. ஒரு காலையில் போனபோது கடைக்குப் புதுப் பூட்டு. மாஸ்டர் நாகப்பட்டினத்தில் சிநேகிதர் கடையில் உட்கார்ந்துவிட்டார் என்றார்கள். பண்டிகைக்குத் தைக்கக் கொடுத்த துணியெல்லாம் உள்ளே.

இரண்டொரு நாளில் மாஸ்டர் வந்து எதிர் டீக்கடையில் நின்றுகொண்டு கத்தினார். "அந்தத் துணியெல்லாம் என் கையை நம்பிக் குடுத்தது! ஒன் செவுத்தை நம்பியா குடுத்தாங்க?"

கண்ணையன் படியை விட்டு இறங்கவில்லை. "கையை வச்சுக்கிட்டு என்ன பண்ணுவே? மிஷின் இங்க இருக்கு. வாயாலேயே தைச்சுக் குடுப்பியா?"

"தூக்கிக் குடுடா எல்லாத்தையும்!"

"கடை என்னுது, கடைக்குள்ள கெடக்குறதும் என்னுது, போ மாமா."

துணி கொடுத்த பெண்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவர்களிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை.

தெரேசக்கா கண்ணையனிடம் போய், "கடையைத் தொறங்கண்ணே, நாங்க வேலையப் பாக்குறோம்" என்றார். தன் பக்கம் வந்துவிட்டார் என்று நினைத்துக் கண்ணையன் திறந்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார். அப்போதுதான் அது நடந்தது.

நம் ஊரில் ரவிக்கை தைக்கக் கொடுக்கும்போது, உடம்புக்குச் சரியாக இருக்கிற ஒரு பழைய ரவிக்கையையும் துணியோடு சுருட்டிக் கொடுப்பார்கள். அளவு ரவிக்கை. டெய்லர் அதை வைத்துத்தான் வெட்டுவார். அது துணிக்குள் மறைந்தே வரும், மறைந்தே போகும். சைகோனில் டேப் வைத்து அளந்து பழகிய தெரேசக்காவுக்கு அதை வைத்து வெட்டுவது தெரியும், மறைத்து வைக்க வேண்டியது என்பது தெரியாது. எந்தச் சுருட்டு யாருடையது என்பது பெரும்பாலும் மாஸ்டருக்குத்தான் தெரியும் என்பதால், தெரேசக்கா ஒரு சுலபமான வழி கண்டுபிடித்தார். கடை முகப்பில் இந்தத் தூணிலிருந்து அந்தத் தூணுக்கு ஒரு கயிறு கட்டி, எல்லா அளவு ரவிக்கைகளையும் வரிசையாகத் தொங்கவிட்டார். அவரவர் பார்த்து எடுத்துக்கொள்ளட்டும் என்று.

நான் உள்ளே பொட்டலம் பிரித்துக்கொண்டிருந்தேன். நிமிர்ந்து பார்த்தபோது பாதிக் கயிறு நிறைந்திருந்தது. அக்கா என்று கூப்பிட வாய் திறந்தேன், குரல் வரவில்லை. டீக்கடையில் ஆண்கள் எல்லோரும் கிளாசைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்க மறந்து நின்றார்கள்.

முதலில் ஓடிவந்தவர் அரிசிக் கடைக்கார அம்மா. "அடியே! ஊரு பாக்க நடுத்தெருவுல தொங்கவிட்டிருக்கியே, ஒனக்கு வெக்கம் மானம் கெடையாதா?"

"ஒங்களுதாங்க? அப்பாடா," என்று தெரேசக்கா மனப்பூர்வமாகச் சந்தோஷப்பட்டார். "இந்தாங்க ஒங்க துணி."

அடுத்து ஒருவர் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு வந்து, "அந்த ஊதாவை எடு. பேர் கேக்காதே" என்றார். செய்தி எப்படித்தான் பரவியதோ, இத்தனை நாள் என்ன செய்வதென்று தெரியாமல் நின்ற அத்தனை பேரும் மத்தியானத்துக்குள் வந்து, திட்டிக்கொண்டே தங்கள் துணியை வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். கண்ணையன் திரும்பி வந்தபோது கயிறு காலி.

"என்னம்மா பண்ணி வச்சிருக்கே?"

"தப்புப் பண்ணிட்டேன்னு திட்டிட்டுப் போறாங்கண்ணே. ஆனா துணி போயி சேந்துடுச்சு. இனி ஒங்ககிட்ட தைக்கணும்னா ஒங்ககிட்ட வரட்டும், மாஸ்டர்தான் வேணும்னா நாகப்பட்டினம் போகட்டும். யாரு உடம்பு அளவோ அவங்க முடிவு பண்ணட்டும்."

உண்மையைச் சொல்ல வேண்டும்: சாயங்காலத்துக்குள் அவர்களில் முக்கால்வாசிப் பேர் அதே துணியைக் கண்ணையனிடமே திரும்பக் கொடுத்தார்கள். தீபாவளிக்கு வேண்டுமே, மிஷின் அங்கேதானே இருக்கிறது. அதனால்தான் அவர் எங்களை வேலையை விட்டு அனுப்பவில்லை.

ஒரு சுருட்டு மட்டும் மிஞ்சியது. கஞ்சி போட்டு மடித்த மஞ்சள் சீட்டித் துணி, கொக்கிகளை மாற்றித் தைத்த ஒரு சின்ன ரவிக்கை. "கேக்க யாரும் வரல, உள்பக்கம் லைனிங்குக்கு வெட்டிக்க" என்றார் கண்ணையன். யாருடையது என்பது எனக்கு ஞாபகம் இருந்தது. நெடுங்காட்டிலிருந்து ஒரு அம்மா மகளுக்காகக் கொண்டுவந்து கொடுத்தது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் தெரேசக்கா என்னையும் அழைத்துக்கொண்டு நெடுங்காட்டுக்குப் பஸ் ஏறினார். விசாரித்துக்கொண்டே போனோம். அந்த அம்மா சம்பா நடவில் நின்றுகொண்டிருந்தார். சேற்றுக் கையோடு வரப்புக்கு வந்தவருக்கு நாங்கள் சொன்னது எதுவும் தெரிந்திருக்கவில்லை.

"கடையைப் பூட்டுனதே எனக்குத் தெரியாதேம்மா. தண்ணி வந்த நேரம், இதை உட்டுட்டு எங்க வர்றது?" என்றவர், கண்ணையன் சொன்னதைக் கேட்டதும் இடுப்பில் கைவைத்து நின்றார். "ஏன், நான் வரலேன்னா எனக்கு வேணாம்னு ஆயிடுமா?"

திரும்பி வரும் பஸ்ஸில் தெரேசக்கா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே அந்த வாக்கியத்தை இரண்டு முறை மெல்லச் சொல்லிப் பார்த்தார். எங்கள் ஊர்ப் பேச்சில் ஏதாவது பிடித்துப்போனால் அப்படிச் சொல்லிப் பார்ப்பது அவர் வழக்கம். அன்று அது அதற்காக அல்ல என்று எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

தை மாதத்தில் அந்துவான் முசே வீட்டில் நீங்கள் எல்லோரும் கூடியது நினைவிருக்கும். சைகோனில் பிரெஞ்சுக் கம்பெனி ஒன்றில் குமாஸ்தாவாக இருந்தவர் முசே. அமெரிக்காவில் முடங்கிக் கிடக்கிற பணத்திலிருந்து, எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்த நமக்கும் ஒரு பங்கு வேண்டும் என்று ஒரு மனு தயாரித்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு குடும்பமும் அங்கே எதை விட்டு வந்தது என்று சொல்ல வேண்டும். தெரேசக்கா என்னையும் கூட்டிப்போனார். நான் கதவோரம் உட்கார்ந்திருந்தேன்.

ரொசாரி அம்மா பேசியதை நான் மறக்க மாட்டேன். "எம் புருஷன் ஒழைச்சு வச்ச கடை. நான் பட்டு கட்டிக்கிட்டு கல்லாவுல ஒக்காந்திருந்தவ. இங்க வந்து காலையில இட்லி சுட்டு விக்கிறேன். எனக்குக் கெடைக்கக் கூடாதா?" அவர் கேட்டது தெரேசக்காவைப் பார்த்து. ஏனென்றால் அக்கா மட்டும் முகத்தைச் சுளித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"கெடைக்கணும் அத்தை. கட்டாயம் ஒங்களுக்குக் கெடைக்கணும்."

"பின்னே என்ன?"

"அங்கேயே இருக்குறவங்களுக்கு?"

முசே கண்ணாடியைக் கழற்றினார். "தெரேஸ், அவங்களுக்குக் கேக்க ஒரு கவர்மெண்டு இருக்கு. நமக்காக யாரு கேப்பாங்க? கேட்டாத்தானே கெடைக்கும்."

"எங்கம்மாவுக்காக எந்தக் கவர்மெண்டு கேக்குது முசே? ரேஷனுக்கு வரிசையில நிக்கத்தான் சொல்லுது."

அதற்குள் சூசை ஐயா தன் முறை வந்ததென்று சொல்லத் தொடங்கினார். தையல் மிஷின்கள், அலமாரி, கடை வாடகைக்குக் கொடுத்த முன்பணம். கடைசியாக, "வீடு. என் பேர்ல. பத்திரம் கையில இருக்கு" என்றார்.

"வீட்டை எழுதாதீங்க" என்றார் தெரேசக்கா.

அவர் முசேயிடம் கேட்டார்: "இழந்துட்டோம்னு எழுதுனா, நெசமான்னு பாக்க அங்க யாராச்சும் போவாங்கதானே?"

"விசாரிப்பாங்கதான்," என்று முசே ஒப்புக்கொண்டார். அவர் பொய் சொல்கிறவர் அல்ல.

"யாரு போயி கதவைத் தட்டுவாங்க? அம்மாதானே தொறப்பாங்க? வெளிநாட்டுக்காரன் உட்டுட்டுப் போன வீட்டுல நீ ஏன் இருக்கேன்னு கேட்டா அம்மா என்ன சொல்லுவாங்க?"

சூசை ஐயா மகள் பக்கம் திரும்பினார். "பிளேன்ல அவளுக்கும் எடம் இருந்துச்சு. நான் கெஞ்சுனேன். பியேர் வருவான், வந்தா இந்த வீட்டுக்குத்தான் வருவான், வேற எடம் அவனுக்குத் தெரியாதுன்னு ஒக்காந்துட்டா." பியேர் தெரேசக்காவின் தம்பி. பழைய அரசாங்கத்தின் பட்டாளத்தில் இருந்தவன். கடைசி மாதங்களில் எங்கே போனான் என்று யாருக்கும் தெரியாது. "அவன் செத்துட்டான். அவளுக்கு அது தெரியணும். அந்த வீடு போச்சு, பையன் போனான், எல்லாம் போச்சு. எழுதுங்க முசே."

"பேரு ஒங்களுதுப்பா. இருக்குறது அம்மா."

"எழுதுங்க."

வீட்டுத் தலைவர் அவர். முசே எழுதினார்.

அன்று பஸ் நிறுத்தத்துக்கு நடக்கும்போது எனக்குத்தான் பொறுக்கவில்லை. "அப்ப அந்தப் பணம் யாருக்குக்கா போகணும்?"

"தெரியல செல்வி." கொஞ்ச தூரம் போனதும், "புது கவர்மெண்டுக்குக் குடுக்க எனக்குப் பயமா இருக்கு. எங்க பாஸ்புக்கைப் பூட்டுனவங்க அவங்க. ஆனா அம்மாவுக்கு அரிசி போடுறதும் அவங்க. அவங்க கையில குடுக்காம அம்மா கைக்கு எப்படிப் போகும்? தீபாவளிக்கு எல்லாரும் கண்ணையன்கிட்டதானே திரும்பிப் போனாங்க?" என்றார். இன்னும் கொஞ்ச தூரம் போனதும், "ரொசாரி அத்தைக்கும் குடுக்கணும். அதுவும் நியாயம்தான். ரெண்டு நியாயம் ஒண்ணோட ஒண்ணு சண்டை போட்டா நான் எந்தப் பக்கம் நிக்கிறது?" என்றார்.

எனக்குப் பதில் தெரியாததைப் பார்த்து அவரே சொன்னார்: "தெரியலேன்னு சொல்றதுக்கு வெக்கப்படாதே. தெரியாமலே கையெழுத்துப் போடுறதுக்குத்தான் வெக்கப்படணும்."

அதன் பிறகு அப்பாவும் மகளும் வீட்டில் சோறு, தண்ணீர் தவிர வேறு பேசிக்கொள்ளவில்லை என்று நினைக்கிறேன். தெரேசக்கா மாதாமாதம் அம்மாவுக்குக் கடிதம் எழுதுவார், வியட்நாம் மொழியில். அதைக் கடையில் மத்தியான நேரத்தில் எழுதுவார். முன்பு அப்பா கேட்டதாகவும் இரண்டு வரி சேர்ப்பார். தைக்குப் பிறகு அந்த வரிகளை அவரே இட்டுக்கட்டி எழுதினார். "அப்பா கால் வலின்னு சொன்னாருன்னு எழுதியிருக்கேன். வலிக்கத்தானே செய்யும்" என்று சிரித்தார். மனு இன்னும் போகவில்லை. பாண்டிச்சேரிக் குடும்பங்களின் விவரம் வரவேண்டும் என்று முசே காத்திருந்தார். அது போவதற்குள் அப்பா மனம் மாறுவாரா என்று தெரேசக்கா காத்திருந்தார். கேட்டுவிடலாமே அக்கா என்றேன். "கேட்டா வேணும்னே மாட்டேன்னுடுவாரு. நானும் அப்படித்தான். ஒரே ரத்தம்" என்றார்.

ஆடியில் அக்காவுக்குக் கண் மஞ்சளானது. கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தோம். ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். நான் போனபோது, "நெத்திலி சீசனா?" என்று கேட்டார். அவ்வளவுதான் எங்கள் கடைசிப் பேச்சு. பெரிதாக எதுவும் சொல்லவில்லை. நோயில் கிடப்பவரிடம் பெரிதாக எதையும் கேட்கவும் எனக்கு வராது.

அடக்கம் முடிந்து சில நாள் கழித்துச் சூசை ஐயா கடைக்கு வந்தார். கண்ணையன் நாற்காலி போட்டார், அவர் உட்காரவில்லை. என்னைப் பார்த்து, "ஒனக்கு இங்கிலீஷ் எழுத்து எழுத வருமா?" என்றார். வரும் என்று தலையாட்டினேன். வா என்றார்.

முசே வீட்டுக்குப் போனோம். எங்களுக்குத் தெரிந்து வியட்நாம் மொழி எழுதத் தெரிந்த ஒரே ஆள் மண்ணுக்குள் போய்விட்டார். அதனால் முசே பிரெஞ்சில் எழுதினார். சைகோனில் அம்மா இருக்கிற தெருவில் அதைப் படித்துச் சொல்ல ஒரு கிழவர் இருக்கிறாராம். மகள் இறந்த செய்தி ஐந்தாறு வரியில் முடிந்துவிட்டது. சூசை ஐயா சட்டைப் பையிலிருந்து ஒரு பழைய கவரை எடுத்து என்னிடம் கொடுத்தார். அம்மாவிடமிருந்து வந்தது, பின்பக்கம் விலாசம் இருந்தது. "என் கை நடுங்குது. இதைப் பாத்து அப்படியே எழுது. மேல இருக்குற புள்ளி, கோடு, கீழ இருக்குற புள்ளி, ஒண்ணையும் விடாதே. விட்டா வேற தெருவுக்குப் போயிடும்."

நான் எழுதினேன். ஆங்கில எழுத்துதான், ஆனால் ஒவ்வொன்றின் தலையிலும் தொப்பி, கொம்பு, காலடியில் புள்ளி. அவர் என் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். வீட்டு எண்ணை எழுதி முடித்தபோது, "முசே, அந்த மனு போயிடுச்சா?" என்றார்.

"இல்ல, அடுத்த வாரம்."

"வீட்டை அடிச்சிடுங்க."

முசே உடனே பேனாவை எடுக்கவில்லை. "சூசை, யோசிச்சுச் சொல்லுங்க. நாளைக்கி மத்தவங்களுக்கெல்லாம் வந்து, ஒங்களுக்கு வராமப் போச்சுன்னா?"

"வராட்டிப் போவுது."

"பத்திரம் ஒங்க பேர்ல இருக்கு. நியாயமா ஒங்களுக்குச் சேர வேண்டியது."

சூசை ஐயா என் கையிலிருந்த கவரைக் காட்டினார். "அந்த வீடு போச்சுன்னு நானே எழுதிக் குடுத்துட்டா, இந்தக் கடுதாசியை எங்க அனுப்புவேன்? புள்ளை போனதை அவளுக்கு யாரு சொல்லுவா? அவ இருக்கட்டும் முசே அந்த வீட்டுல. எனக்கு எழுத ஒரு விலாசம் வேணும்."

முசே அந்த வரியை அடித்தார். மிஷின்கள், அலமாரி, முன்பணம் அப்படியே இருந்தன. ரொசாரி அம்மாவின் கடையும் இருந்தது. மனு போனது.

பதில் வரவில்லை. மனு, கடிதம் இரண்டுக்குமே இன்னும் வரவில்லை. இப்போது ரேடியோவில் வேறொரு நாட்டின் ராஜா ஓடிவிட்டதாகவும், அந்த நாட்டுப் பணத்தைப் பூட்டிவைத்திருப்பதாகவும் சொல்கிறார்கள். கண்ணையன் என்னைச் சீண்டுவார்: "சொல்லு செல்வி, இது யாருக்குப் போகணும்?" தெரியவில்லை என்கிறேன். வெட்கப்படாமல் சொல்கிறேன். அந்த நாட்டில் யார் எந்தத் தெருவில், யாருக்காகக் காத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்களோ என்று மட்டும் யோசிக்கிறேன்.

தெரேசக்காவின் கத்திரியைக் கண்ணையன் எனக்கே தருவதாகச் சொன்னார். வேண்டாம் என்றேன், அது சூசை ஐயாவுடையது. அக்காவிடமிருந்து எனக்கு வந்து சேர்ந்தது வேறு. மாதாமாதம் சூசை ஐயா கடிதத்தோடு கடைக்கு வருகிறார். இப்போது பழைய கவரைக் கொண்டுவருவதில்லை. விலாசத்தை நான் பார்க்காமலே எழுதுகிறேன், தொப்பி, கொம்பு, புள்ளி எதையும் விடாமல். அந்தச் சொற்களுக்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாது. அங்கே ஒரு கதவு இருக்கிறது, தட்டினால் தெரேசக்காவின் அம்மா திறப்பார் என்பது தெரியும்.